அத்தானின் மூக்கும் ஐம்பத்தேழு டிகிரியும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் மனதில் போட்டு ஊறவைக்கவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "உணவுச் சிறப்பிதழ் போடுறோம், ஒரு கதை வேணும்" என்றார்.

"எனக்குச் சமைக்கவே தெரியாதே."

"பரவாயில்ல சார். எழுதுறவங்களுக்கு எதுதான் தெரியுது?"

அவர் கையில் ஏற்கெனவே ஒரு கட்டுக் கதைகள் வந்து சேர்ந்திருந்தன. எல்லாவற்றிலும் அம்மா சமைக்கிறாள். பாதிக் கதைகளில் செத்துப்போகிறாள். மிச்சக் கதைகளில் மகன் ஹாஸ்டல் சாப்பாட்டின் முன் உட்கார்ந்து அழுகிறான். இன்னொரு அம்மாவைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் கீழ்வீட்டுக்காரன் மாடிப்படியில் நின்று சொன்ன ஒரு சங்கதியை எடுத்துக்கொண்டேன். அதில் மாட்டுக்கறியை பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் அமிழ்த்துகிறார்கள். கண்ணீர் விடுவதற்கு இதைவிடக் கேவலமான சமையல் கிடையாது. எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

"எழுதிக்கோங்க. எங்க அத்தான் பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றான். நான் யார் பேரையும் போடவில்லை. என் பேரைப் போடுவதா வேண்டாமா என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"நெருப்பு என்பது மனிதகுலத்தின் முதல்…" (விட்டுவிட்டேன். இப்படித் தொடங்குகிறவன் எவனும் வாழ்க்கையில் அடுப்பு பற்றவைத்திருக்க மாட்டான்.)

"அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் ஏதோ ஒரு துயரத்தைச் சுமந்தபடி…" (வானம் எப்படி இருந்தது என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.)

"கறி பைக்குள் இருந்தது. பை தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீர் சட்டிக்குள் இருந்தது." (இது பிடித்திருக்கிறது. ஆனால் இதே கதியில் போனால் சட்டி சமையலறைக்குள், சமையலறை வீட்டுக்குள் என்று அண்டவெளியில்தான் போய் நிற்பேன்.)

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன். நீங்களும் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், இனிமேல் திரும்பிப் போக மாட்டீர்கள்.

2

அந்தக் கீழ்வீட்டுக்காரனை வீட்டில் எல்லோரும் டிகிரி என்று கூப்பிடுகிறார்கள். இரண்டு காரணம். ஒன்று, அவன் பட்டப்படிப்பை முடிக்கவில்லை. நம் குடும்பங்களில் பட்டப்பெயர் வைப்பவர்களுக்கு ஈவிரக்கம் இருந்ததாக வரலாறு இல்லை. இரண்டாவது, அவனுக்கு உலகத்தில் எல்லாமே சூடு, குளிர்தான். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் கருவிகளைப் பழுது பார்க்கிற வேலை. ரத்தம் வைக்கிற குளிர்பெட்டி இத்தனையில் நிற்க வேண்டும், குறைமாதக் குழந்தையை வைக்கிற கண்ணாடிப் பெட்டி இத்தனையில் நிற்க வேண்டும். ஒன்று ஏறினாலும் ஒன்று இறங்கினாலும் இவனுக்குத்தான் போன் வரும். அந்தப் பழக்கத்தில் காபியை உறிஞ்சிவிட்டு, "எழுபது இருக்கும்" என்பான்.

அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. "நல்லாயிருக்கா இல்லையான்னு சொல்லுங்க. எழுபதுன்னா நான் என்ன பண்றது, பாஸ் போடுறதா?" என்பாள்.

கதையின் நாயகன் இவன்தான். இவன் மீது எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்களும் சந்தேகப்பட்டு, அவனை நம்ப ஆளே இல்லாமல் போய்விடும்.

3

அத்தான் என்பது டிகிரியின் அக்கா வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூல் முதலாளி. மூன்று கார்கள், மூன்று பயிற்சியாளர்கள். ஒவ்வொரு காரிலும் பயிற்சியாளர் உட்காரும் இடது பக்கக் காலடியில் இன்னொரு கிளச், இன்னொரு பிரேக். பயிற்சியாளர்களுக்கு அவர்கள் ஓட்டுகிற வண்டியே பெயர். முதலாம் வண்டி, இரண்டாம் வண்டி, மூன்றாம் வண்டி. இரண்டாம் வண்டி ஒரு பெண். அதிகம் பேசமாட்டாள். புதிதாக வருகிற பெண்கள் எல்லோரும் அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டு வருவார்கள்.

அத்தானுக்கு மூக்கு மேல் கோபம். ஆனால் அந்த மூக்கு லேசுப்பட்டது இல்லை. தெருமுனையில் வண்டி வரும்போதே "ஆயில் ஒழுகுது" என்பார். விருந்துக்குப் போன வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே குழம்பில் உப்பு கூட என்பார். (உப்புக்கு வாசம் கிடையாதே என்று வேதியியல் ஆசிரியை ஒருமுறை கேட்டாள். அடுத்த இரண்டு விருந்துக்கு அவளுக்கு அழைப்பில்லை.) ஞாயிற்றுக்கிழமைகளில் கரி அடுப்புக்கு முன் இடுக்கியோடு அவர் நின்றால் மற்றவர்கள் பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும். கறி எப்போது வெந்தது என்று அவர் பார்க்கமாட்டார், தொடமாட்டார், நேரம் பார்க்கமாட்டார். மூக்கைச் சுளித்து, "இப்போ" என்பார். எடுத்தால் சரியாக இருக்கும்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல். காய்ச்சல் போனது. போகும்போது மூக்கின் சக்தியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அத்தான் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் கண்டுபிடித்தது அக்கா. அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, கருகி, பாத்திரத்தின் அடி பிடித்து, பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டிவிட்டாள். அடுப்புக்கு இரண்டடி தள்ளி அத்தான் நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து அக்கா கவனிக்க ஆரம்பித்தாள். அவர் முன்னைவிட அதிகமாக "ஆஹா, என்ன வாசம்!" என்கிறார். ஒருநாள் பற்றவைக்காத அடுப்பின் முன் நின்றுகூடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைக் கறி கரியானது. எழுத்துப் பிழை இல்லை, நிஜமாகவே கரி. "எப்படி? கமகமன்னு இருக்குல்ல?" என்பார். எல்லோரும் தலையாட்டினார்கள். மாதக்கணக்கில் ஒரு குடும்பமே கரியைத் தின்று தலையாட்டியது. மரியாதை என்பது பல்லுக்கு எவ்வளவு கெடுதல் என்று யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை.

அதோடு நின்றிருந்தால் இது நகைச்சுவைத் துணுக்கு. நிற்கவில்லை.

ஒருநாள் காலை, இரண்டாவது காரில் புதிதாகப் பழகுகிற ஒருவரை அத்தானே கூட்டிக்கொண்டு போனார். அந்த ஆள் மேம்பாலம் ஏறி இறங்கும் வரை கிளச்சிலிருந்து காலை எடுக்கவே இல்லை. கிளச் தட்டு கருகும் நாற்றம் இருக்கிறதே, ரப்பரும் ரோமமும் சேர்ந்து எரிந்த மாதிரி, செத்தவனும் எழுந்து உட்காருவான். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரமாதம், இப்படித்தான் ஓட்டணும்" என்று பாராட்டிக்கொண்டு வந்தார். மதியம் அதே காரில் இரண்டாம் வண்டி இன்னொருவருக்குப் பழக்கப் போனாள். நடுச்சாலையில் நின்றுவிட்டது. கிளச் காலி.

அத்தான் பயிற்சி மைதானத்தில் எல்லோர் முன்னாலும் அவளைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

"பக்கத்துல உக்காந்து என்னம்மா பண்ணிட்டு இருந்த? மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உனக்கு?"

"நான் ஏறினப்பவே நாத்தம் இருந்துச்சு சார்."

"காலைல நான்தான் கூட்டிட்டுப் போனேன். எனக்குத் தெரியாத நாத்தம் உனக்குத் தெரிஞ்சிருச்சா?"

மறுநாளிலிருந்து அவளை வண்டியிலிருந்து இறக்கி, அலுவலக அறையில் போன் எடுக்க உட்கார வைத்தார். அவளைக் கேட்டு வருகிற பெண்களிடம், "அவங்க இப்போ வண்டி எடுக்கிறதில்ல" என்று அவளே போனில் சொல்ல வேண்டும்.

4

அக்கா டிகிரி வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டாள்.

"டேய், வர ஞாயித்துக்கிழமை ஸ்கூல் ஆரம்பிச்ச நாள்னு எல்லாரையும் கூப்பிட்டிருக்கார். மைதானத்துலயே அடுப்பு போடப் போறாராம். டாக்கோவாம். எவனோ பழக வந்தவன் சொல்லிக் குடுத்திருக்கான்."*

"செய்யட்டுமே."

"நாம தின்னுட்டுத் தலையாட்டுவோம். வேலை செய்யிறவங்க தலையாட்டுவாங்களா? ஏற்கெனவே முதுகுக்குப் பின்னாடி சிரிக்கிறாங்க. அவர் மானம் போகாம ஏதாவது வழி பண்ணுடா."

"நேரா கேட்டுட்டா என்னக்கா?"

"அவரா சொல்லட்டும்னு இருக்கேன். நாமளா கேட்டா உடைஞ்சு போயிடுவார்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இல்லன்னா நம்மள உடைச்சிடுவார்" என்றாள்.

* டாக்கோ தெரியாதவர்களுக்கு: சோளமாவில் சுட்ட சின்ன ரொட்டி. நடுவில் மெல்லியதாக நறுக்கிய கறி, பச்சை வெங்காயம், கொத்தமல்லி, பிழிந்த எலுமிச்சை. இரண்டாக மடித்து வாயில் திணிக்க வேண்டும். பாதி சட்டையில் விழும். விழுவதும் செய்முறையில் சேர்ந்ததுதான்.

டிகிரி யோசித்தான். அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆய்வகத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. தண்ணீரை ஒரே சூட்டில் வைத்து, அதற்குள் குழாய்களை வைப்பார்கள். தண்ணீர் என்ன சூடோ, குழாய்க்குள் இருப்பதும் அதே சூடு. அதற்கு மேல் ஒரு டிகிரி ஏற முடியாது. கறியையும் அப்படியே செய்யலாம், செய்கிறார்கள். கறியைப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, குறைந்த சூட்டுத் தண்ணீரில் ஒரு பகலும் ஒரு இரவும் விட்டுவிட்டால் எவ்வளவு முரட்டுக் கறியும் பதமாகிவிடும். கருகவே கருகாது. பிறகு நெருப்பில் ஒரு புரட்டு. மேலே நிறம் வரும், வாசம் வரும், அவ்வளவுதான். அத்தானுக்கு மிச்சம் வைப்பது அந்த ஒரு புரட்டை மட்டும்.

"இதுக்குப் பேர் சூ வீட். பிரெஞ்சு வார்த்தை" என்றான் மனைவியிடம்.

"சூன்னா நாயை ஏவுறது. வீடுன்னா நம்ம வீடு. கேக்கவே நல்லாயில்ல. ஆஸ்பத்திரித் தொட்டியைத் தூக்கிட்டு வந்தீங்கன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

தூக்கிக்கொண்டு வரவில்லை. சட்டியின் விளிம்பில் கவ்விக்கொண்டு நிற்கிற புதுக் கருவி ஒன்றை வாங்கினான். பார்ப்பதற்குத் தடித்த டார்ச் விளக்கு மாதிரி இருந்தது. கசாப்புக்கடையில் மாட்டின் தோள்பட்டைக் கறியாகக் கேட்டு வாங்கினான். உப்பு, மிளகாய்த்தூள், சீரகத்தூள் தடவி பையில் போட்டான். பையைத் தண்ணீரில் மெல்ல இறக்க, தண்ணீரே காற்றைப் பிதுக்கி வெளியே தள்ளியது. வாயை மூடினான். கருவியில் ஐம்பத்தேழு என்று வைத்தான். கருவி 'ம்ம்ம்' என்று முனக ஆரம்பித்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கொதிக்கக்கூட இல்ல."

"கொதிக்கக் கூடாது."

"வாசமே வரல."

"வராது. பை மூடியிருக்குல்ல?"

"அப்போ இது சமையல் இல்ல, சிகிச்சை" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

[இந்த இடத்தில் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்டார். கறி தண்ணீரில் இருக்கிறது என்றேன். "அம்மா வர்றாங்களா சார்?" "அக்கா வர்றா." "சமைக்கிறாங்களா?" "இல்ல, யோசிக்கிறா." "யோசிச்சு அழுவாங்களா?" என்றார் ஆசையாக.]

இரவைத் தாண்டி விடுகிறேன். இரவில் ஒன்றும் நடக்கவில்லை. கருவி முனகியது, மனிதர்கள் தூங்கினார்கள்.

5

சந்தேகத்தைச் சொல்கிறேன் என்றேன்.

இந்த டிகிரி ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான்? அத்தானின் மானத்தைக் காப்பாற்ற கருவி வாங்கி, கறி வாங்கி, ஒரு பகலும் ஒரு இரவும் சட்டிக்குக் காவல் இருக்கிற மச்சினனை நான் நேரில் பார்த்ததில்லை. மாடிப்படியில் அவனிடமே கேட்டேன். கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.

"உண்மையைச் சொல்லவா? அக்காவுக்காகத்தான் செஞ்சேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு குஷியும் இருந்துச்சு. அக்காவைக் கட்டின நாள்லேர்ந்து அத்தான் என்னைப் பத்தடி தள்ளி நிக்கச் சொல்றார். 'நீ நம்பர் பாரு, நான் கறி பாக்கறேன்'பார். இந்தத் தடவை நம்பர்தானே கறியைக் காப்பாத்தப் போகுது? அதை அவருக்குத் தெரியாம அவர் கையாலயே செய்ய வைக்கிறேன்னு…"

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பாதி அன்பு, பாதி அலட்டல். இப்போதுதான் அவன் மேல் எனக்கு நம்பிக்கையே வந்தது.

6

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். அதில் ஒரு மழை பெய்தது. யாரும் கேட்காமலே பெய்தது.)

7

ஞாயிறு மதியம். டிரைவிங் ஸ்கூல் மைதானம். பழகுகிறவர்கள் இடித்து இடித்து நசுங்கிய ஆரஞ்சு நிறக் கூம்புகளை ஓரமாக அடுக்கிவைத்து, நடுவில் கரி அடுப்பு. தள்ளி, தகரக் கூரை நிழலில் வாடகை நாற்காலிகள். பயிற்சியாளர்களும் அவர்கள் வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் வண்டியும் வந்திருந்தாள். வராவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று வந்திருந்தாள். யாரோடும் உட்காராமல் மேசை ஓரம் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெங்காயம் நறுக்குகிறவளிடம் ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று யாரும் கேட்க முடியாது பாருங்கள்.

பையிலிருந்து வெளியே எடுக்கும்போது கறி சாம்பல் நிறமாக, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். அதனால் டிகிரி வீட்டிலேயே ஈரத்தைத் துடைத்து, மேலே மிளகாய் விழுதை அப்பிக் கொண்டுவந்திருந்தான். ஊறவைத்த பச்சைக் கறி போலத்தான் இருந்தது. நெருப்பு கனிந்திருந்தது. தட்டை அத்தானிடம் நீட்டினான்.

"ஊற வச்சது அத்தான். நேத்தே போட்டுட்டேன்." பொய்யில்லை. எதில் போட்டான் என்பதுதான் சொல்லப்படவில்லை.

அத்தான் தட்டை மூக்கருகே கொண்டுபோய், "ஆஹா!" என்றார். பழக்கதோஷம். அப்புறம் ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார்.

"மாப்ளே. இது வெந்த கறி."

"இல்ல அத்தான், ஊற…"

"பச்சைக் கறியை அமுக்கினா விரல் உள்ள போகும். இது என் விரலை வெளிய தள்ளுது. யார்கிட்ட கதை விடுற?"

பதற்றத்தில் டிகிரிக்கு எப்போதும் வருவதுதான் வந்தது. "ஐம்பத்தேழு டிகிரியில…"

"எத்தனைன்னு கேட்டனா? எதுக்குன்னு கேக்குறேன்."

அத்தான் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்றான் டிகிரி. அவர் திரும்பி, நிழலில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். மறுபடியும் இவனைப் பார்த்தார்.

"அவ சொன்னாளா?"

இவன் தலை குனிந்தான்.

"ஓஹோ. அப்போ எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்கிறது எனக்கு மட்டும்தான் தெரியல." இடுக்கியை அடுப்பு விளிம்பில் வைத்தார். "புதுசா பழக வர்றவனை நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமில்ல? ஸ்டீயரிங்கை அவன் கையில குடுத்துட்டு, பிரேக் மேல எங்க கால வச்சுக்குவோம். தான்தான் ஓட்டுறோம்னு அவன் நினைச்சுக்குவான். என்னையும் அப்படிக் கொண்டுவந்து உக்கார வச்சுட்டீங்க. நல்லாயிருக்கு. ரொம்ப நல்லாயிருக்கு."

[இங்கே டிகிரிக்காக நான் ஒரு பதில் எழுதினேன். மூன்று வாக்கியம். அன்பு, பெருமை, மனித உறவு எல்லாம் அதில் இருந்தது. படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. பிறகு அவனிடம், "நிஜமா என்ன சொன்ன?" என்று கேட்டேன். சொன்னான். என் மூன்று வாக்கியத்தையும் அடித்துவிட்டேன்.]

"அத்தான், துணி" என்றான்.

"பேச்சை மாத்தாத."

"அத்தான், துணி எரியுது!"

அத்தானுக்குப் பின்னால், அடுப்பை ஒட்டிய பலகையில் கிடந்த கைத்துணி புகைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கரிப்புகையே இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் முழங்கைக்கும் அதற்கும் ஒரு சாண். அதற்கு அந்தப் பக்கம் எண்ணெய்ப் பாட்டில். பருத்தி கருகும் நெடி டிகிரியின் தொண்டையைப் பிடித்தது. அவன் பாய்ந்து துணியைத் தரையில் தள்ளி, கை கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரை அப்படியே கொட்டினான்.

நிழலிலிருந்து அக்கா, "என்னாச்சு?" என்று கத்தினாள்.

"ஒண்ணுமில்ல!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அத்தான் அந்த நனைந்த கரித்துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஒண்ணுமே தெரியல மாப்ளே. இவ்வளவு பக்கத்துல எரிஞ்சிருக்கு."

"டாக்டர்கிட்ட…"

"என்னன்னு போய்ச் சொல்றது? கண்ணு போச்சுன்னா பாவம்பாங்க. காது போச்சுன்னா மெஷின் வச்சுக்கலாம். மூக்கு போச்சுன்னா சிரிப்பாங்கடா." அவரே சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. "காலைல முழிப்பு வந்தா உங்க அக்கா பக்கத்துல இருக்காளா, எழுந்து போயிட்டாளான்னு கண்ணைத் திறந்து பாக்க வேண்டியிருக்கு. முன்னெல்லாம் பாக்கணும்னே இருக்காது."

அத்தானின் பார்வை நிழல் பக்கம் போனது. வெங்காயம் நறுக்குகிறவளிடம் போய் நின்றது.

"ஏறினப்பவே நாத்தம் இருந்துச்சுன்னு சொன்னா" என்றார். "அன்னைக்கே எனக்குத் தெரியும், அவ பொய் சொல்லலைன்னு."

8

கறியை வேகவைத்தாகிவிட்டது. இனி அந்த ஒரு புரட்டு பாக்கி.

அத்தான் எழுந்தார். இடுக்கியை எடுத்தார். டிகிரி வழக்கம்போல் பத்தடி தள்ளப் போனான்.

"எங்க போற? இங்க நில்லு. நீ சொல்லு."

"என்ன சொல்ல?"

"என்ன வாசம் வருதுன்னு சொல்லு. நான் புரட்டறேன்."

டிகிரிக்கு வாழ்க்கையில் இதைவிடக் கஷ்டமான பரீட்சை வந்ததில்லை. அவனிடம் எண்கள் இருந்தன, வார்த்தைகள் இல்லை. கறி கம்பியில் விழுந்தது. உஸ்ஸென்றது.

"ம்… சூடா ஒரு வாசம்."

"சூடு ஒரு வாசமா? சரியாச் சொல்லு."

"ஈரத்துணியை இஸ்திரி போடுற மாதிரி."

"அது மேல இருக்குற தண்ணி. போகட்டும். அப்புறம்?"

"இப்போ… மிளகாய். மூக்குல ஏறுது." தும்மினான்.

"தும்மினா சரிதான். அப்புறம்?"

"வேர்க்கடலை வறுக்கிற மாதிரி."

அத்தானின் முகம் மாறியது. கண்ணை மூடிக்கொண்டார். "அதுதான். கொழுப்பு இறங்குது. அதுக்கு அப்புறம் லேசா இனிப்பு வரும். வந்த உடனே சொல்லு. அதை விட்டா கருகிடும்."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஒருவர் மூக்கை நீட்டிக்கொண்டு, இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு. நிழலிலிருந்து பார்த்தவர்களுக்கு, கறிக்கு முன்னால் நின்று ஏதோ பிரார்த்தனை செய்வது போலிருந்ததாம்.

"வந்துருச்சு" என்றான் டிகிரி. "வெல்லம் மாதிரி. அத்தான், இப்போ!"

அத்தான் எடுத்தார். பலகையில் வைத்து, நாருக்குக் குறுக்கே மெல்லியதாக நறுக்கினார். வெளியே பழுப்பு, உள்ளே ஒரே சீராக இளஞ்சிவப்பு. ஒரு துண்டை வாயில் போட்டார். ரொம்ப நேரம் மென்றார்.

"எப்படி இருக்கு அத்தான்?"

"உப்பு தெரியுது. காரம் தெரியுது. மிச்சத்தைப் பல்லுதான் சொல்லுது." இன்னொரு முறை மென்றார். "பல்லு நல்லதாத்தான் சொல்லுது."

(மற்றவர்கள் பிறகு சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது என்றார்கள். மூன்றாம் வண்டி மட்டும் கை நக்கிக்கொண்டே, "எல்லாம் சரி, சார் கைப்பக்குவத்துல ஒரு கரி டேஸ்ட் வருமே, அது இல்ல" என்று வருத்தப்பட்டான். ஒரு கலைஞனுக்கு ரசிகன் எந்த மூலையில் இருப்பான் என்று யாருக்கும் தெரியாது.)

9

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

பத்திரிகை ஆசிரியருக்குப் பிடித்த முடிவு: டாக்கோவை வாயில் வைத்ததும் அத்தானுக்கு வாசனை திரும்பி வந்துவிடுகிறது. அதுவும் முதலில் வருவது அவருடைய அம்மாவின் சமையலறை வாசனை. "சார், இப்படி முடிச்சீங்கன்னா அட்டையில போடுறேன்" என்றார். அட்டையில் போடட்டும். அத்தானின் மூக்கு இன்னும் வரவில்லை. அக்கா டாக்டரிடம் கூட்டிப்போனாள். வரலாம், வராமலும் போகலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். கதை எழுதினால் அந்த டாக்டரும் என்னைப் போல்தான் முடிப்பார்.

நான் முதலில் எழுதிய முடிவு: அத்தான் நாற்காலி மேல் ஏறி நின்று உருக்கமாகப் பேசுகிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். இதை அடித்துவிட்டேன். அவர் நாற்காலி மேல் ஏறுகிற ஆள் இல்லை. ஏறினாலும் வாடகை நாற்காலி தாங்காது.

நடந்தது இது. முதல் தட்டை, யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால், அத்தானே எடுத்துக்கொண்டு மேசை ஓரத்தில் நின்ற இரண்டாம் வண்டியிடம் போனார். டிகிரி பின்னாலேயே ரொட்டித் தட்டோடு போனான். அத்தான் தாழ்ந்த குரலில் அவளிடம் ஏதோ சொன்னார். ரொட்டியை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவள் கத்தி நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். அவள் சொன்னது மட்டும் டிகிரிக்குத் தெளிவாகக் கேட்டது.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க சார்."

கோபம் இல்லை அதில். பழகுகிறவர்களிடம் "கண்ணாடியைப் பார்த்துட்டுத் திரும்புங்க" என்று சொல்வாளே, அதே குரல்.

அத்தான் அங்கேயே நின்றார். கையில் தட்டு. அக்கா தூரத்திலிருந்து பார்த்துவிட்டாள். ஓடி வரலாமா என்று ஒரு கால் எடுத்தவள், வராமல் நின்றுகொண்டாள். அத்தான் தட்டை மேசை மேல் வைத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்திருந்த எல்லோரையும் பார்க்கத் திரும்பினார். சொன்னார்.

அவர் சொல்லி முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. இரண்டாம் வண்டி கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள், நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து அந்தத் தட்டைச் சாப்பிட்டாள். திங்கட்கிழமை காலை காரில் ஏறினாள். அவளைக் கேட்டு ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள்.

அத்தான் என்ன சொன்னார் என்பதை டிகிரி எனக்கு அப்படியே சொன்னான். நான் அதைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். நான் எழுதினால் அழகாகிவிடுகிறது. அதுதான் சிக்கல். அவர் சொன்னது அழகாக இல்லை. நடுவில் ஒரு இருமல் இருந்தது, ஒரு வாக்கியம் எங்கேயோ தொடங்கி எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நின்றது, அக்கா பேர் தேவையில்லாமல் வந்தது. அதைத் திருத்தாமல் போட என் கைக்கு வரவில்லை. திருத்திப் போட்டால் அவருக்குச் செய்கிற அநியாயம்.

ஆகவே அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் உள்ளவர்களுக்கு உடனே வந்துவிடும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நேரமாகும். அவசரமில்லை. அழகாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் ஆரம்பித்தது வரை தருகிறேன்:

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க. தின்னுறது அப்புறம் தின்னலாம். இந்தப் பொண்ணு இருக்குல்ல, இது… நான் வந்து…"